தப்புக்கு மட்டும் ஓர் அம்பு

அரையாண்டுத் தேர்வுத் தாள்களைக் கட்டும்போது ஒரு தாளை மட்டும் கட்டுக்குள் வைக்காமல் வெளியே எடுத்தேன். எனக்கு இது பழக்கமில்லாத காரியம். தாள்களை வரிசை எண்படி அடுக்கி, ஓரங்களை மேசையில் தட்டிச் சமன் செய்து, நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முடிச்சு நடுவில் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுந்திருப்பவன் நான். அன்று ஒரு தாள் குறைந்த கட்டு கைக்குள் தளர்ந்து கிடந்தது. அதைப் பார்க்கவே எனக்கு நிலைகொள்ளவில்லை.

எடுத்து வைத்தது ஒன்பதாம் வகுப்பில், மூன்றாவது பெஞ்சில், சுவரோரம் உட்காரும் பெண்ணின் கணக்குத் தாள். நூற்றுக்குப் பத்தொன்பது. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும்.

எங்கள் பள்ளி கோவில்பதாகையில், பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிறிய தனியார் பள்ளி. வாசலில் ஒவ்வொரு வருடமும் ஒரு பேனர் கட்டுவார்கள். பத்தாம் வகுப்பில் எல்லோரும் தேர்ச்சி என்று அதில் இருக்கும். அந்த ஒரு வரியை நம்பித்தான் அடுத்த வருடத்துச் சேர்க்கை நடக்கிறது. எங்கள் தலைமையாசிரியை கெட்டவர் அல்லர். பள்ளிக்கு வாடகைக் கட்டடம், எங்களுக்குச் சம்பளம் என்று அவருக்கும் தூக்கம் கெட ஆயிரம் காரணங்கள் உண்டு. அவர் என்னை அழைத்து, மெதுவாகத்தான் சொன்னார்.

"ஒம்பதாவதுல உங்க செக்‌ஷன்ல அந்த ஒரு பொண்ணுதான் சார் இடிக்குது. ஆண்டுத் தேர்வுலயும் கணக்குல வரலன்னா டீசி வாங்கிக்கச் சொல்லிடலாம். பத்தாவதுக்கு ஏத்திட்டு அப்புறம் நாம கையப் பிசைஞ்சுக்கிட்டு உக்கார முடியாது. இப்பவே அவங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை போட்டு வச்சிடுங்க."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வகுப்புக்குத் திரும்பும் வழியில் என் மனத்தில் ஓடியது ஒன்றுதான். அந்தப் பெண்ணுக்குக் கணக்கு தெரியும்.

எப்படித் தெரியும் என்றால், தினமும் பார்க்கிறேன். என் வகுப்பில் ஒவ்வொருவரிடமும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கவர் உண்டு. உள்ளே ஒரு வெள்ளைத்தாள். மேலே மார்க்கரால் எழுதலாம், துணியால் துடைக்கலாம். துடைக்கப் பெரும்பாலும் பழைய சாக்ஸ்தான். நான் ஒரு கணக்கைப் பலகையில் எழுதுவேன். எழுதியதும் யாரும் கை தூக்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. முதலில் சும்மா இருக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் பேசலாம். பிறகு அவரவர் கவரில் போட வேண்டும். நான் "காட்டு" என்றதும் எல்லாக் கவர்களும் ஒரே நேரத்தில் மேலே வரும். முன்பெல்லாம் கை தூக்கும் ஐந்து பேரை வைத்துக்கொண்டே பாடம் நடந்து முடிந்துவிடும். இந்த வழியில் மொத்த வகுப்பின் தலையிலும் என்ன ஓடுகிறது என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

மூன்றாவது பெஞ்சு சுவரோரத்துக் கவரில் எப்போதும் சரியான விடை இருக்கும். சில நாள் முதலில் தப்பாகப் போட்டு, சாக்ஸால் துடைத்து, மீண்டும் போட்டு, மூச்சு வாங்கக் காட்டுவாள். ஆனால் காட்டும்போது சரியாக இருக்கும். கவரில் போடத் தெரிந்தவளுக்குத் தாளில் ஏன் போடத் தெரியவில்லை?

தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் விளக்கின் கீழ் விரித்தேன். பக்கத்துக்குப் பக்கம் பெரிய பெருக்கல் குறிகள். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, அடிக்கோல் வைத்து, இரண்டு நேர்கோடுகள். அடித்த கணக்கைத் திருத்துபவர் பார்க்க வேண்டியதில்லை. நானும் பார்க்காமல்தான் திருத்தியிருந்தேன். இப்போது கோடுகளுக்கு அடியில் இருப்பதை வரி வரியாகப் படித்தேன். முதல் கணக்கில் ஐந்தாவது வரி வரை எல்லாம் சரி. ஆறாவது வரியில், அடைப்புக்குறிக்கு வெளியே இருந்த கழித்தல் குறியை உள்ளே கொண்டுபோகும்போது ஒரு குறி மாறாமல் நின்றுவிட்டது. அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஒரு குறியைத் திருத்துவதற்குப் பதிலாகக் கணக்கு மொத்தத்தையும் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறாள். அடுத்ததிலும் அப்படியே. ஒரு கணக்கில் தப்பே இல்லை. ஒரு எண் சற்றுக் கோணலாக விழுந்திருந்தது, அவ்வளவுதான். அதையும் அடித்திருந்தாள்.

அடிக்காமல் விட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று பென்சிலால் கூட்டிப் பார்த்தேன். தேறியிருப்பாள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குக் கவலை குறையும் என்று நினைத்தேன். கூடியது. கணக்குத் தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு வழி தெரியும். இதற்கு வழி தெரியவில்லை.

மறுநாள் அவளைத் தனியே அழைத்துச் சொன்னேன். "முழுசா அடிக்காதம்மா. தப்பான வரியை மட்டும் ஒரு கோடு போட்டுட்டு, கீழ தொடர்ந்து போடு."

"சரி சார்," என்றாள்.

அந்த வாரச் சிறுதேர்வில் மறுபடி அடிக்கோலை எடுத்து முழுசாக அடித்திருந்தாள். ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு நகத்தைப் பார்த்தாள். பதில் வந்தது அவளுடைய பெஞ்சுத் தோழியிடமிருந்து. எதைக் கேட்டாலும் தன்னைக் கேட்டதாக எடுத்துக்கொள்கிற பெண் அவள்.

"அவ ஊட்ல அப்டித்தான் சார். ஓம்ஒர்க்ல ஒரு எடத்துல அடிச்சிருந்தா அவங்க அம்மா பக்கத்தையே கிழிச்சிடுவாங்கோ. மறுபடி மொதல்ல இருந்து எழுதணும். அவ நோட்ட பாருங்க, எப்டி எளச்சி போயி கீதுன்னு. டயட்ல கீது சார் அது."

வகுப்பு சிரித்தது. மூன்றாவது பெஞ்சுப் பெண்ணும் சிரித்தாள். ஆனால் நோட்டைக் கையால் மூடிக்கொண்டாள். வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே கடையில் வாங்கிய ஒரே நோட்டு. தோழியுடையதில் பாதிக் கனம்தான் இருந்தது. தையலுக்கு அருகில் கிழித்த தாள்களின் விளிம்புகள் சீராக நின்றன. கிழித்தவருக்கும் ஒழுங்கு முக்கியம் என்பது தெரிந்தது. எனக்கு அது கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்தது. கோணல் கோடு, அடித்தல், மை தீற்றல் எதையும் பொறுக்காதவன் நானும்தான்.

அவளுடைய அம்மாவைப் பார்க்கச் சனிக்கிழமை வைத்தோம். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வர வேண்டும். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்னணுப் பலகைகள் செய்யும் ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவர். ஷிப்டு முடிந்து கம்பெனி வேனில் இறங்கி நேராக வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் கூடை. டீசி விஷயத்தை எப்படிச் சொல்வது என்று நான் காலையிலிருந்து வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கும் அவசியம் இருக்கவில்லை.

"டீசி குடுக்கப் போறீங்களாமே சார்?" என்று அவரே ஆரம்பித்தார். "பசங்கோ பேசிகினாங்களாம். எங்கிட்ட சொல்லிட்டு அழுதுச்சி."

"இன்னும் முடிவாகலம்மா. ஆண்டுத் தேர்வு இருக்கு."

"இல்ல சார், நான் இப்பவே சொல்லிடறேன். இங்க இல்லன்னா வேற எடத்துக்கு ரெண்டு பஸ்ஸு மாறிப் போவணும். நான் ஷிப்டுக்குப் போறவ. அவங்க அப்பா லாரில லைனுக்குப் போறவரு, ஊட்ல தங்கறதே கெடையாது. யாரு சார் இட்டுகினு போயி இட்டுகினு வர்றது? தனியா அனுப்ப எனக்குத் தைரியம் இல்ல. ஊட்ல இருக்கட்டும், தையலு கத்துக்கட்டும்னு உட்ருவேன்."

கோபமாகச் சொல்லவில்லை. வேலைநேரம் சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்தத் தாய் முடிவு செய்துவிட்டார். மீதி என் பாடத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

நோட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"ஆமா சார், நான்தான் கிழிச்சேன். நீட்டா இல்லன்னா எனக்குப் புடிக்காது. என் டேபிள்ல இருந்து போன பீஸு ஒண்ணுகூட ரிட்டன் வந்ததில்ல, தெரியுமா? போர்டுல ஒரு கீறல் இருந்தா நேரா செவப்பு டப்பா. பாவம் புண்ணியம்லாம் பாக்க மாட்டேன். சூப்பர்வைசரே, இன்னாமா இவ்ளோ தள்ற, கொஞ்சம் பாத்துத் தள்ளுன்னு கெஞ்சுவாரு."

"எல்லாமே சிவப்பு டப்பாதானா? சரி செய்யவே முடியாதா?"

"கீறலுக்குத்தான் சார் டப்பா. சால்டரு, அதான் ஈய ஒட்டு, சரியா புடிக்கல, ஒரு காலு தூக்கிகினு கீதுன்னா ரீவொர்க் டேபிளுக்குப் போவும். செவப்பு அம்பு ஸ்டிக்கரு இருக்கும், சின்னதா, எறும்பு சைஸுக்கு. தப்பு எங்க கீதோ அங்க ஒட்டி அனுப்புவேன். அவுங்க அந்த ஒரு காலை மட்டும் சரி பண்ணி திருப்பி அனுப்புவாங்க. மத்ததுல கையே வெக்கக் கூடாது. நல்லா இருக்கறதயும் தொட்டா அதுவும் கெட்டுப்பூடும்."

"அம்மா," என்றேன், "உங்க பொண்ணுடைய கணக்கெல்லாம் ரீவொர்க் டேபிளுக்குப் போக வேண்டியது. டப்பாவுல போயிட்டிருக்கு."

அரையாண்டுத் தாளை எடுத்து, அந்த ஆறாவது வரியைக் காட்டினேன். அவருக்குக் கணக்கு தெரியாது. ஆனால் தப்பான குறியை விரலால் தொட்டுக் காட்டியதும், மற்ற வரிகளின் மேல் ஓடிய பெரிய கோடுகளைப் பார்த்தார். பிறகு அவருக்கே உரிய ஒரு கேள்வி கேட்டார்.

"இதுக்கு மார்க்கு எவ்ளோ சார்?"

"அஞ்சு. குறைஞ்சது நாலு கிடைச்சிருக்கும்."

"அய்யே," என்று தலையில் அடித்துக்கொண்டார். மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வா ஊட்டுக்கு" என்பதுபோல அவளை ஒரு முறை முறைத்தார். நான் அவசரமாக, திட்ட வேண்டாம் என்றேன். அப்போதுதான் கிழிப்பதை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். சட்டென்று ஒப்புக்கொள்ளவில்லை. அசிங்கமாக இருக்கிற பக்கத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது என்றார். எனக்கு ஒன்று தோன்றியது. புது நோட்டு ஒன்றை எடுத்து, எல்லாப் பக்கங்களின் மூலையிலும் எண் போட்டு அனுப்புகிறேன் என்றேன்.

"அப்டினா சரி," என்றார் உடனே. "நம்பர் போட்ட பீஸ தூக்கிப் போட முடியாது. கணக்குச் சொல்லணும்."

அன்று மாலையே உட்கார்ந்து எண் போட்டேன். இந்த மாதிரி வேலை என்றால் எனக்கு மனம் அடங்கும். ஆனால் அடுத்து வகுப்பில் நான் செய்ய வேண்டியிருந்தது எனக்குக் கொஞ்சமும் ஒத்துவராத வேலை. தினமும் பலகையில், எல்லோர் முன்னாலும், தப்பாக ஒரு கணக்கு போட வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சொன்னேன். நான் ஒரு கணக்கு போடுவேன். உள்ளே எங்கோ ஒரு தப்பு இருக்கும். முழுசாக அழிக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசி, எந்த வரியில், எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவர் வந்து சிவப்புச் சாக்கட்டியால் அங்கே ஓர் அம்பு போட வேண்டும். பிறகு அந்த வரியை ஒரே கோட்டால் அடித்து, கீழே தொடர வேண்டும். மேலே இருக்கும் நல்ல வரிகளைத் தொடக் கூடாது.

முதல் நாள் கை ஓடவில்லை. தப்பான குறியை எழுதப்போகும் இடத்தில் சாக்கட்டி நின்றுவிட்டது. ஒரு முறை பழக்கத்தில் சரியாகவே எழுதி முடித்துவிட்டேன். பிள்ளைகள் பெஞ்சு பெஞ்சாகத் தேடி, எதுவும் கிடைக்காமல் குழம்பிப்போனார்கள்.

"சார், இதுல தப்பு இல்லயே!" என்று கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல். "சார் தப்பு போட மறந்துட்டாரு டோய்!"

தோழிப் பெண் எழுந்து, "தப்பு போட மறந்ததுதான் சார் தப்பு. அம்பு உங்க மேலதான் போடணும்," என்றாள். மூன்றாவது பெஞ்சுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். எனக்கு முகம் சுட்டது. ஆனால் அவள் இத்தனை சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு தப்புகளை முதல் நாளே தாளில் எழுதித் திட்டமிட்டுக்கொண்டு போனேன். பெரும்பாலும் பிள்ளைகளின் தாள்களில் வந்த தப்புகளையே போட்டேன், யாருடையது என்று சொல்லாமல். அதிலும் அந்த அடைப்புக்குறி, கழித்தல் குறித் தப்பை வேறு வேறு வேஷத்தில் அடிக்கடி போட்டேன். முதலில் மூன்றாவது பெஞ்சுப் பெண்ணைப் பலகைக்கு அழைக்கவில்லை. தோழியோடு பேசட்டும், தோழி வந்து அம்பு போடட்டும் என்று விட்டேன். சில வாரங்கள் கழித்து ஒருநாள் தோழி எழுந்து வரும்போது, கையிலிருந்த சிவப்புச் சாக்கட்டியைச் சுவரோரப் பெண்ணிடம் திணித்து, "நீ கண்டுபிடிச்சத நான் இன்னாத்துக்குப் போடணும், போடீ," என்று தள்ளிவிட்டாள். வந்தாள். அம்பு போட்டாள். சரியான இடம். பிறகு அந்த வரியை அடிக்கச் சொன்னேன். வலது கை ஒரு கோடு போட்டது; இடது கை தானாகப் பலகைத் துடைப்பானை நோக்கிப் போனது. நான் துடைப்பானை எடுத்து என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு அடித்த வரியின் கீழே அடுத்த வரியை எழுதினாள்.

இது நடந்துகொண்டிருக்கையில்தான் தலைமையாசிரியை சுற்றி வரும்போது ஜன்னலோரம் நின்றார். பலகை முழுக்கத் தப்பும், அடித்தலும், அம்புகளும். என்னை வெளியே அழைத்தார்.

"ஏன் சார் போர்டு இப்படி இருக்கு? உங்க போர்டப் பாத்து எழுதிக்கத்தானே புதுசா வர்ற டீச்சர்களை உங்க க்ளாஸுக்கு அனுப்புவேன்? பேரன்ட்ஸ் யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

விளக்கினேன். அவர் கேட்டார், ஏற்றுக்கொண்டாரா என்பது தெரியவில்லை. "ரிசல்ட்ல தெரியட்டும் சார்" என்றார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அந்த வாரம் முழுக்க யோசித்தேன்.

பிப்ரவரித் திருப்புதல் தேர்வில் அவள் எதையும் முழுசாக அடிக்கவில்லை. ஆனால் பாதித் தாள்தான் எழுதியிருந்தாள். எழுதிய ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பப் பார்த்து, தப்பு எங்கே எங்கே என்று தேடி, இல்லாத தப்புக்குக்கூட ஓரத்தில் பென்சிலால் குட்டி அம்பு போட்டு வைத்திருந்தாள். மணி அடித்துவிட்டது. சிவப்பு டப்பாவிலிருந்து மீட்டு, ரீவொர்க் டேபிளில் கட்டிப்போட்டுவிட்டேனோ என்று இருந்தது. தினமும் எழுதும் என் நாட்குறிப்பில் அன்று ஒரே ஒரு வரிதான் எழுத முடிந்தது.

வழியை மாற்றினேன். முதல் சுற்றில் தேடவே கூடாது. தெரிந்தவரை போட்டுக்கொண்டே போக வேண்டும். எல்லாக் கேள்வியும் முடிந்த பிறகுதான் இரண்டாவது சுற்று, அப்போதுதான் அம்பு. வகுப்பில் இதையும் பயிற்சியாக்கினேன். முதல் சுற்று நடக்கும்போது யாராவது திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் லேசாக இடிக்க வேண்டும் என்று ஒரு விதி. தோழிப் பெண்ணுக்கு இந்த விதி மிகவும் பிடித்துப்போனது. "சார், இன்னிக்கி இவள எட்டு தபா இடிச்சேன்," என்று அறிக்கை கொடுப்பாள். "என் இடுப்பே போச்சு சார்," என்பாள் மற்றவள். பேச ஆரம்பித்துவிட்டாள் என்பதை நான் கவனித்தேன். ஆனால் தேர்வு அறையில் தோழி வேறு பெஞ்சில் இருப்பாள் என்பதையும் மறக்க முடியவில்லை.

ஆண்டுத் தேர்வு ஏப்ரல் வெயிலில் வந்தது. கணக்குத் தேர்வன்று எனக்கு மேல் மாடியில் ஆறாம் வகுப்பு மேற்பார்வை. ஒன்பதாம் வகுப்பு கீழே. அங்கே போக எனக்கு ஒரு காரணமும் இல்லை. கூடுதல் தாள்களை அறை அறையாகக் கொடுத்து வரும் வேலையை அலுவலக உதவியாளரிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் என் அறையில் நின்றுகொண்டார். கீழே போனபோது அவள் எழுந்து நின்று கூடுதல் தாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூடுதல் தாள் கேட்பது நல்லதா, கெட்டதா? நிறைய எழுதியிருக்கலாம். நிறைய அடித்தும் இருக்கலாம். நானே தாளை நீட்டினேன். அவள் கையால் விடைத்தாளை மறைத்துக்கொண்டிருந்தாள், எல்லாப் பிள்ளைகளும் செய்வதுபோல. உள்ளங்கைக்கு வெளியே ஒரு கோடு மட்டும் தெரிந்தது. அது ஒரு வரியை அடித்த கோடா, முழுப் பக்கத்தை அடித்த கோட்டின் முனையா என்று தெரியவில்லை. அறையில் இருந்த மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். நகர வேண்டியதாயிற்று. மாடிப்படியில் ஏறும்போது, மேசையில் அடிக்கோல் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். கவனிக்காமல் விட்டுவிட்டேன். எதையும் கவனிக்கிற நான் அதைக் கவனிக்கவில்லை.

ஆண்டுத் தேர்வுத் தாள்களை மாற்றித்தான் திருத்துவோம். என் பிரிவின் தாள்கள் பக்கத்துப் பிரிவின் கணக்கு டீச்சரிடம் போயின. வேலப்பன்சாவடியிலிருந்து வருபவர், பேசிக்கொண்டே திருத்துவார், ஆனால் கூட்டலில் தவறமாட்டார். ஆசிரியர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காதிருக்க நான் ஓரங்களில் டம்ளர்களை வைத்தேன். அவருடைய பிரிவின் தாள் என் முன்னால் இருந்தது. ஒரே விடையை மூன்று முறை படித்துக்கொண்டிருந்தேன்.

"சார், உங்க செக்‌ஷன்ல ஒண்ணு வந்துருக்கு பாருங்க," என்றார் திடீரென்று. "இது இன்னா பேப்பரா, மழைக்கு அப்பால நம்ம ஆவடி ரோடா? எங்க பாத்தாலும் கோடு. கண்ணு வலிக்குது."

பேனாவை மூடினேன். "முழுசா அடிச்சிருக்கா?"

"முழுசா அடிச்சிருந்தா நிம்மதியா ஒரு பக்கத்தத் திருப்பிருப்பேனே! இது ஒரு வரிய அடிக்குது, கீழ போவுது. திருப்பி ஒரு வரிய அடிக்குது, கீழ போவுது. நானும் அது பின்னாலயே போயிகினு கீறேன், போலீஸு மாதிரி."

"போகட்டும். பின்னாலயே போங்க."

"இன்னா சார் சிரிக்கிறீங்க? நான் இங்க படாத பாடு பட்டுகினு கீறேன்."

நான் சிரித்திருக்கிறேன் என்பதே அவர் சொல்லித்தான் தெரிந்தது. எழுந்து போய்ப் பார்க்கலாம் என்றிருந்தது, ஆனால் முறையல்ல. அவர் கடைசிப் பக்கத்துக்குப் போய் உதட்டைப் பிதுக்கினார்.

"கடைசி அஞ்சு மார்க்க முழுசா அடிச்சிட்டுப் போயிருக்கு, மூதேவி. அடியில பாத்தா எல்லாம் கரெக்டாத்தான் கீது. இன்னா புத்தி சார் இது?"

அந்த ஐந்தும் இல்லாமல் தேறியிருக்க வேண்டும். அவர் பேனாவின் பின்பக்கத்தால் ஒவ்வொரு மதிப்பெண்ணாகத் தொட்டுக் கூட்டினார். உதடு அசைந்தது. ஒருமுறை நிறுத்தி, முன்பக்கம் ஒன்று விட்டுவிட்டேன் என்று மறுபடி ஆரம்பித்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ தண்ணீர்த் தொட்டியின் குழாயை மூடாமல் விட்டிருந்தார்கள். போய் மூட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் எழவில்லை.

"நாப்பத்தொண்ணு," என்றார். அடுத்த தாளை எடுத்தார்.

போய்க் குழாயை மூடிவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஆண்டுத் தேர்வுத் தாள்களைப் பத்தாம் வகுப்பில் கொடுத்தார்கள்; பத்தாவதுக்கும் கணக்கு நான்தான். அவள் அதே சுவரோரத்தில், அதே மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அதே தோழி. அம்மா சொல்லி அனுப்பியதாக ஒரு செய்தி கொண்டு வந்திருந்தாள். புது வருடத்து நோட்டுக்கும் நம்பர் போட வேண்டுமாம், இல்லாவிட்டால் கையைக் கட்டுப்படுத்துவது கஷ்டமாம். போட்டுத் தருகிறேன் என்றேன்.

அவள் போகவில்லை. தாளின் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் மேசையில் வைத்தாள். அடிக்கோல் வைத்து இழுத்த அந்த இரண்டு நீளக் கோடுகள். அடியில் சரியான கணக்கு. நான்காவது வரிக்கு அருகில் சிவப்புப் பேனாவால் ஒரு சிறிய அம்பு போட்டிருந்தாள். தாள் கைக்கு வந்த பிறகு போட்டது.

அந்த வரியைப் படித்தேன். குறி சரி. எண் சரி. "இங்க தப்பு இல்லையேம்மா," என்றேன்.

"தப்பு இல்ல சார்," என்றாள். "இங்கதான் பயந்துட்டேன்."

"அஞ்சு மார்க்கு போச்சி சார் இவளுக்கு," என்றாள் தோழி பின்னாலிருந்து. "காலைல இருந்து எங்கிட்ட பொலம்பிகினே கீறா."

பத்தாம் வகுப்புத் தாளைத் திருத்தப்போவது எங்களைத் தெரியாத யாரோ ஒருவர். கோடுகளின் பின்னாலேயே போக அவருக்குப் பொறுமை இருக்குமா என்ற கவலை அப்போதே எனக்கு ஆரம்பித்துவிட்டது. தாளை மடித்துக் கொடுத்துவிட்டுப் பலகைக்குப் போனேன். அந்தக் கடைசிக் கணக்கையே எழுதினேன். இந்த முறை தப்பு எதுவும் போடவில்லை. நான்காவது வரி முடிந்ததும் நிறுத்தி, வகுப்பைத் திரும்பிப் பார்த்து, "இதுல எந்த இடத்துல உங்களுக்குப் பயமா இருக்கு? பக்கத்துல பேசுங்க," என்றேன்.